சி. இராசகோபாலாச்சாரி

சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 – டிசம்பர் 25, 1972) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் வழக்கறிஞரும் அரசியல் தலைவரும் தமிழ் எழுத்தாளரும் ஆவார். இராஜாஜி என்றும் மூதறிஞர் என்றும் பரவலாக அறியப்படுகிறார். சென்னை மாகாணத்தின் முதல்வராக இருமுறையும் (1937–1939, 1952–1954), இந்தியாவின் கடைசித் தலைமை ஆளுநராகவும் (1948–1950) பதவி வகித்தார். தமது எண்பதாவது வயதில், 1959ஆம் ஆண்டு, சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார்.

பொருளாதாரத்தில் அரசின் தலையீட்டைக் குறைக்க வேண்டும், தனிமனிதரின் சொத்துரிமையும் தொழில் உரிமையும் காக்கப்பட வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்து விடுதலை பெற்ற இந்தியாவில் நாடு முழுவதும் வாக்குக் கேட்ட முதல் பெரிய கட்சி சுதந்திராக் கட்சியே ஆகும். எனினும் அதைத் தோற்றுவித்த இராஜாஜி, ஆட்சியில் இருந்தபோது மதுவிலக்கு, கட்டாய இந்தி, தடுப்புக்காவல் ஆகியவற்றுக்கு அரசின் அதிகாரத்தைத் தயக்கமின்றிப் பயன்படுத்தியவர். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இவரது அரசியலை மதிப்பிட இயலாது.

இளமைக்காலம்

இராஜாஜி அன்றைய சேலம் மாவட்டத்தில் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். இவ்வூர் 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. தந்தை வெங்கடார்யா அய்யங்கார் அவ்வூரின் முன்சீப்பாக இருந்தார். தாயார் சிங்காரம்மா. ஓசூரில் பள்ளிக் கல்வியும், பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பட்டப்படிப்பும், சென்னையில் சட்டப்படிப்பும் முடித்து 1900இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் விரைவிலேயே பெயர் பெற்றார். 1897இல் அலமேலு மங்கம்மாவை மணந்தார். இவர்களுக்கு மூன்று மகன்களும் இரு மகள்களும் பிறந்தனர். மங்கம்மா இளம் வயதிலேயே காலமானார். இராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1911இல் சேலம் நகராட்சி உறுப்பினராகவும், 1917 முதல் 1919 வரை அதன் தலைவராகவும் இருந்தார்.

விடுதலைப் போராட்டம்

1919இல் காந்தியடிகளைச் சந்தித்த பின்னர் வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கினார். 1921 இறுதியில் கைதாகி வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கு எழுதிய சிறைக் குறிப்புகள் பின்னர் நூலாக வெளிவந்தன. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகிய மூன்றும் ஆசிரமத்தின் பணிகளாக இருந்தன. மதுவிலக்குக்கென்றே விமோசனம் என்ற இதழையும் நடத்தினார். மது ஏழைக் குடும்பங்களை எவ்வாறு அழிக்கிறது என்பதை இவர் நேரில் கண்டது இப்பகுதியில்தான். பிற்காலத்தில் பொருளாதாரத்தில் அரசை ஒதுங்கி நிற்கச் சொன்ன இராஜாஜி, மதுவில் மட்டும் இறுதிவரை அவ்வாறு சொல்லாததற்கான வேர் இங்கே உள்ளது.

1930 ஏப்ரலில் உப்புச் சட்டத்தை மீறுவதற்காகத் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்திற்கு ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் நடைப்பயணம் மேற்கொண்டார். உப்பு போன்ற எளிய பொருளை எடுப்பதற்குக் கூட அரசின் அனுமதி வேண்டும் என்ற நிலைக்கு எதிரான போராட்டம் அது. 1933இல் இவரது மகள் இலட்சுமி காந்தியடிகளின் மகன் தேவதாசை மணந்தார்.

சென்னை மாகாண முதல்வர் (1937–1939)

1937 தேர்தலில் காங்கிரசு வென்றதையடுத்து, சூலை 14 அன்று இராஜாஜி சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் இப்பதவி பிரதமர் என்றே அழைக்கப்பட்டது.

அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பின்னர் சித்தூர், கடப்பை, வட ஆற்காடு மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. கள், சாராய வரியில் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்டப் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது (1939). இந்தியாவில் எல்லாப் பொருள்களுக்குமான பொது விற்பனை வரியை முதலில் விதித்த மாகாணம் சென்னையே. பிற்காலத்தில் வரிச்சுமைக்கு எதிராகக் கட்சி தொடங்கியவர்தாம் நாட்டின் மிகப் பரவலான வரிகளுள் ஒன்றுக்கு வித்திட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

1938இல் நிறைவேறிய உழவர் கடன் நிவாரணச் சட்டம், கடன்பட்ட உழவர்களின் நிலுவை வட்டியைக் குறைத்தும் நீக்கியும் வட்டித் தொழில் செய்வோரின் ஒப்பந்த உரிமையில் நேரடியாகத் தலையிட்டது. 1939 சூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்தபோது, அதற்குத் துணைநின்றவர்களைச் சட்ட நடவடிக்கையிலிருந்து காக்க விரைந்து சட்டப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. இவை இரண்டும் அரசு தலையிட்டதனால் எளியோர் பயனடைந்த நிகழ்வுகள் ஆகும்.

பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கிய 1938ஆம் ஆண்டு ஆணை இவரது முதல் ஆட்சிக்குப் பெரும் களங்கமாக அமைந்தது. பெரியார் ஈ. வெ. இராமசாமி தலைமையில் எழுந்த எதிர்ப்பை அடக்க, ஆங்கிலேயர் காங்கிரசுக்கு எதிராகவே இயற்றிய குற்றவியல் திருத்தச் சட்டம் பயன்படுத்தப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். நடராசன், தாளமுத்து ஆகிய இருவர் 1939இல் காவலில் இருந்தபோது இறந்தனர். இரண்டாம் உலகப் போரில் இந்தியர்களைக் கேளாமல் இந்தியா ஈடுபடுத்தப்பட்டதை எதிர்த்து அமைச்சரவை 1939 அக்டோபர் இறுதியில் பதவி விலகியது. கட்டாய இந்தி ஆணையை 1940 பிப்ரவரியில் ஆளுநர் திரும்பப் பெற்றார்.

1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை எதிர்த்ததாலும், முசுலிம் லீகுடன் உடன்பாடு காண 1944இல் முன்வைத்த திட்டத்தாலும் இராஜாஜி சொந்தக் கட்சியினரின் கடும் கண்டனத்துக்கு ஆளானார். பெரும்பான்மைக் கருத்துக்கு எதிராகத் தனித்து நிற்பது இவருக்கு அப்போதே பழகியிருந்தது.

மத்திய அரசில்

இடைக்கால அரசில் அமைச்சராகவும், விடுதலைக்குப் பின் மேற்கு வங்க ஆளுநராகவும், 1948 சூன் 21 முதல் குடியரசு நாள் வரை தலைமை ஆளுநராகவும் இருந்தார். வல்லபாய் பட்டேலின் மறைவுக்குப் பின் 1951 வரை உள்துறை அமைச்சராகப் பொறுப்பு வகித்தார். தடுப்புக்காவல் சட்டத்தை நீட்டித்த திருத்தச் சட்டமும், இதழ்களைக் கட்டுப்படுத்திய 1951ஆம் ஆண்டின் அச்சுச் சட்டமும் இவரால் நாடாளுமன்றத்தில் முன்மொழியப்பட்டவை. பொதுவுடைமையரை நாட்டின் பெரும் ஆபத்தாக இவர் கருதியதே இதற்குக் காரணம். விசாரணையின்றி ஒருவரைச் சிறையில் வைக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கிய இச்சட்டங்களோடு ஒப்பிட்டால், அரிசிக்கான பெர்மிட்டு சிறிய தலையீடுதான்.

உணவுக் கட்டுப்பாடு நீக்கம்

1952 பொதுத் தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களுள் காங்கிரசு 152 இடங்களையே பெற்றது. ஆட்சியமைக்க இராஜாஜி அழைக்கப்பட்டார். தேர்தலில் நிற்காத இவரை ஆளுநர் மேலவைக்கு நியமித்தது அன்றே சர்ச்சைக்குள்ளானது. 1952 ஏப்ரல் 10 அன்று முதல்வரானார்.

போர்க்காலத்தில் 1943 முதல் தொடங்கிய உணவுப் பங்கீடு அப்போதும் நீடித்தது. உழவர் தமது நெல்லில் ஒரு பகுதியை அரசு குறித்த விலைக்கு அரசிடமே அளிக்க வேண்டும். ஒரு மாவட்டத்திலிருந்து அடுத்த மாவட்டத்திற்கு அனுமதியின்றி அரிசி கொண்டு செல்வது குற்றம். இதன் விளைவாகக் கள்ளச்சந்தை வளர்ந்தது. கொள்முதல் அலுவலரும் சோதனைச் சாவடிக் காவலரும் சிற்றூர்களில் அச்சத்துக்குரியவர்களாயினர். மகள் வீட்டுக்கு அரிசி எடுத்துச் சென்றவரும் மூட்டை மூட்டையாகக் கடத்தியவரும் சட்டத்தின் முன் ஒன்றாயினர். பெரும் கடத்தல்காரருக்குக் கையூட்டுக் கொடுக்க வழி இருந்தது, மற்றவருக்கு அதுவும் இல்லை.

1952 சூன் மாதம் இராஜாஜி இக்கட்டுப்பாடுகளை நீக்குவதாக அறிவித்தார். மாநிலத்தின் சில பகுதிகளில் வறட்சி நிலவிய நேரம் அது. பஞ்சம் வரும், விலை எட்டாத உயரத்துக்குப் போகும் என்று அலுவலர்களும் மத்திய அரசில் பலரும் அஞ்சினர். அவ்வாறு நிகழவில்லை. பதுக்கப்பட்டிருந்த நெல் சந்தைக்கு வந்தது. மத்திய உணவு அமைச்சராக இருந்த இரபி அகமது கித்வாய் இம்முடிவுக்குத் துணைநின்றார். பின்னர் பிற மாநிலங்களிலும் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன.

இராஜாஜியின் பிற்கால அரசியலுக்கு இந்நிகழ்வே அடிப்படை எனலாம். அரசு விலகிக்கொண்டால் மக்கள் தாமே ஒழுங்கு செய்துகொள்வர் என்பது இவருக்கு நூலில் படித்த கோட்பாடாக அன்றிக் கண்முன் கண்ட செய்தியாக இருந்தது. ஆயினும் அவ்வாண்டிலேயே இவரது அரசு வேறு திசையிலும் நடந்தது. தஞ்சையில் குத்தகைதாரரும் பண்ணையாள்களும் நிலத்திலிருந்து வெளியேற்றப்படுவதைத் தடுக்க 1952 ஆகத்தில் அவசரச் சட்டம் பிறப்பித்தது. விளைச்சலில் குத்தகைதாரரின் பங்கு ஐந்தில் இரண்டாக உயர்த்தப்பட்டது. நெசவாளர் துயரைப் போக்க வேட்டி, சேலை நெய்வதைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்றும் மத்திய அரசிடம் வலியுறுத்தினார். ஆலைத் துணிக்கு எல்லை வகுக்கும் இக்கோரிக்கை கட்டற்ற சந்தைக் கொள்கையோடு பொருந்துவதன்று.

குலக்கல்வித் திட்டம்

1953இல் சிற்றூர்ப் பகுதித் தொடக்கப் பள்ளிகளுக்கெனப் புதிய திட்டம் ஒன்றை இராஜாஜி அறிவித்தார். பள்ளி நேரம் ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாகக் குறைக்கப்பட்டு இரு முறைகளாகப் பிரிக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் மாணவர்கள் தத்தம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கும் பணத்தையும் ஆசிரியர்களையும் கொண்டு இரு மடங்கு குழந்தைகளுக்குக் கல்வி அளிக்கலாம் என்பது திட்டத்தின் கணக்கு. அமைச்சரவையிலோ சட்டமன்றத்திலோ முன்கூட்டி விவாதிக்காமல் இது நடைமுறைப்படுத்தப்பட்டது.

கணக்கு சரியாக இருந்திருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் தந்தையின் தொழில் என்பது சாதியின் தொழில் ஆகும். சலவைத் தொழிலாளியின் மகன் பிற்பகலில் துறைக்கும், உயர்சாதிக் குழந்தை வீட்டுத் திண்ணையில் புத்தகத்துக்கும் போவதையே இத்திட்டம் நடைமுறையில் குறித்தது. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தினரும் இதனைக் குலக்கல்வித் திட்டம் எனப் பெயரிட்டுக் கடுமையாக எதிர்த்தனர். காமராசரின் தலைமையில் காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1953 சூலையில் சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு இருபுறமும் சமமான வாக்குகள் விழுந்தன. இறுதியில் 1954 ஏப்ரலில் உடல்நலக் குறைவைக் காரணம் கூறி இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசரின் அரசு விரைவிலேயே திட்டத்தைக் கைவிட்டது.

அரிசியில் அரசு ஒதுங்கியபோது அவ்விடத்தைச் சந்தை நிரப்பியது. கல்வியில் அரசு இரண்டு மணி நேரம் ஒதுங்கியபோது அவ்விடத்தை நிரப்பக் காத்திருந்தது சாதி. இராஜாஜியின் ஆதரவாளர்கள் முதலாவதையும் எதிர்ப்பாளர்கள் இரண்டாவதையும் மட்டுமே நினைவில் வைத்துள்ளனர்.

சுதந்திராக் கட்சி

பதவி விலகிய பின் இராஜாஜி எழுத்தில் ஈடுபட்டார். கல்கி இதழில் இவர் எழுதிய மகாபாரத, இராமாயணக் கதைகள் பெரும் வரவேற்பைப் பெற்றன. சக்கரவர்த்தித் திருமகன் 1958ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. 1956இல் தொடங்கப்பட்ட சுவராச்யா என்ற ஆங்கில வார இதழில் தொடர்ந்து அரசியல் கட்டுரைகள் எழுதினார். 1957இல் காங்கிரசிலிருந்து வெளியேறினார்.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் புதிய தொழிற்சாலை தொடங்கவும், இருப்பதை விரிவுபடுத்தவும், எந்திரம் இறக்குமதி செய்யவும் அரசின் உரிமம் தேவைப்பட்டது. இம்முறைக்கு இராஜாஜி சூட்டிய பெர்மிட்-லைசென்சு-கோட்டா ராச் என்ற பெயர் இந்தியப் பொருளாதாரச் சொல்லாட்சியில் நிலைத்துவிட்டது. இம்முறையால் பயனடைவோர் ஏழைகள் அல்லர், உரிமத்தை முன்னரே பெற்றுப் போட்டியாளரைத் தடுத்துக்கொள்ளும் பெருமுதலாளிகளே என்றும், அவர்கள் ஆளும் கட்சிக்கு அளிக்கும் நன்கொடையாக அப்பயனின் ஒரு பகுதி திரும்புகிறது என்றும் இவர் வாதிட்டார். பின்வந்த ஆய்வாளர்கள் பலர் இதே முடிவுக்கு வந்தனர்.

1959 சனவரியில் நாக்பூரில் கூடிய காங்கிரசு மாநாடு நில உச்சவரம்பையும் கூட்டுறவுப் பண்ணை முறையையும் ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. நிலத்தைக் கூட்டாகப் பயிரிடுவது என்ற செய்தி உழவர்களிடையே அச்சத்தை உண்டாக்கியது. ஆந்திர உழவர் தலைவரான என். ஜி. ரங்கா காங்கிரசை விட்டு விலகினார். 1959 சூன் 4 அன்று சென்னையில் புதிய கட்சி அறிவிக்கப்பட்டது. ஆகத்து மாதம் பம்பாயில் அமைப்பு மாநாடு நடந்தது. ரங்கா தலைவராகவும் மினூ மசானி பொதுச் செயலாளராகவும் பொறுப்பேற்றனர். கே. எம். முன்சி, வி. பி. மேனன் போன்றோரும் இணைந்தனர். 21 அடிப்படைக் கொள்கைகள் வகுக்கப்பட்டன. அவற்றுக்கு அப்பாற்பட்ட எல்லாவற்றிலும் உறுப்பினர் தத்தம் விருப்பப்படி கருத்துக் கொள்ளலாம் என்ற விதி, கட்டுப்பாட்டுக்குப் பெயர்போன கட்சிகளுக்கு நடுவே புதுமையானது. இராஜாஜியின் மகன் சி. ஆர். நரசிம்மன் 1962 வரை காங்கிரசின் நாடாளுமன்ற உறுப்பினராகவே இருந்தார்.

கட்சியின் ஈர்ப்பு எளிதில் விளங்கக்கூடியது. தன் வயலில் எதை விளைவிப்பது, யாருக்கு விற்பது என்பதைத் தானே முடிவு செய்ய விரும்பிய சிறு உழவருக்கும், ஒரு தறிக்கோ ஒரு லாரிக்கோ அலுவலகம் அலுவலகமாக அலைந்தவருக்கும் அது அவர்களின் அன்றாட அனுபவத்தையே பேசியது. அரசுக்குப் பதிலாக இராஜாஜி முன்வைத்தது பேராசையை அன்று. செல்வர் தம் செல்வத்துக்கு அறங்காவலராக இருக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்தும், தருமம் என்னும் அகக்கட்டுப்பாடும் சட்டத்தின் இடத்தை நிரப்பும் என்று இவர் நம்பினார்.

1962 பொதுத் தேர்தலில் கட்சி மக்களவையில் 18 இடங்களையும், 1967இல் 44 இடங்களையும் பெற்றது. 1967இல் மக்களவையின் மிகப்பெரிய எதிர்க்கட்சி இதுவே. இராசத்தான், குசராத்து, ஒரிசா, பீகார் ஆகிய மாநிலங்களில் வலுப்பெற்றது. ஆனால் இவ்விடங்களில் வாக்குகளைத் திரட்டியவர்கள் பெரும்பாலும் முன்னாள் மன்னர்களும் நிலக்கிழார்களும் ஆவர். செயப்பூர் மகாராணி காயத்திரி தேவியும் இராம்கர் மன்னரும் இதற்கு எடுத்துக்காட்டுகள். அவர்களின் குடிகள் உரிமத்துக்கு எதிராக வாக்களித்தனரா, பழைய அரச குடும்பத்துக்காக வாக்களித்தனரா என்பது எளிதில் பிரிக்க முடியாதது. பெருமுதலாளிகளோ, கட்சியின் கொள்கையைப் பாராட்டினாலும் உரிமம் வழங்கும் காங்கிரசுக்கே மிகுதியாக நன்கொடை அளித்தனர். உரிம முறையைப் பற்றி இராஜாஜி கூறியதை அவர்களே மெய்ப்பித்தனர் எனலாம்.

நிலச் சிக்கலில் கட்சியின் வரம்பு தெளிவாகத் தெரிந்தது. கூட்டுறவுப் பண்ணைத் திட்டம் நடைமுறைக்கு வராமல் போனதில் சுதந்திராக் கட்சியின் பிரசாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இரயத்துவாரி நிலங்களையும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்த 1964ஆம் ஆண்டின் பதினேழாவது அரசியலமைப்புத் திருத்தத்தை இராஜாஜி கடுமையாக எதிர்த்தார். ஐந்து ஏக்கர் வைத்திருந்தவருக்கு இவ்வெதிர்ப்பு தம் உரிமைக்கான குரலாகக் கேட்டது. ஐந்நூறு ஏக்கர் வைத்திருந்தவருக்கும் அதே குரல்தான் கேடயமாயிற்று. நிலமே இல்லாத தஞ்சைப் பண்ணையாளுக்குக் காக்கப்பட வேண்டிய சொத்து எதுவும் இல்லை. அவருக்குக் கிடைத்த ஓரளவு பாதுகாப்பு, முதல்வர் இராஜாஜியே 1952இல் பிறப்பித்த சட்டத்தின் வழியாக வந்தது. சுதந்திராக் கட்சித் தலைவர் இராஜாஜியின் 21 கொள்கைகள் அவருக்கு அதைவிடக் குறைவாகவே அளித்தன.

தி.மு.க.வுடன் கூட்டணி

சென்னை மாநிலத்தில் 1962 தேர்தலில் சுதந்திராக் கட்சி சட்டமன்றத்தில் 6 இடங்களையே பெற்றது. காங்கிரசை வீழ்த்த அது போதாது என்று உணர்ந்த இராஜாஜி, சமதர்மம் பேசிய திராவிட முன்னேற்றக் கழகத்தோடு கைகோத்தார். 1938இல் இந்தியைக் கட்டாயமாக்கியவர் இப்போது இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதை எதிர்ப்பவராக இருந்ததும் இந்நெருக்கத்துக்கு உதவியது. ஒரு மொழியைப் பெரும்பான்மையின் பலத்தால் திணிப்பது உரிமை மீறல் என்ற நிலைக்கு இவர் வந்திருந்தார்.

1967 தேர்தலில் இடது பொதுவுடைமையரும் இடம்பெற்ற அக்கூட்டணி வென்றது. தி.மு.க. 137 இடங்களையும் சுதந்திராக் கட்சி 20 இடங்களையும் பெற்றன. அவ்வெற்றியின் முதன்மையான வாக்குறுதிகளுள் ஒன்று ரூபாய்க்குப் படி அரிசி. 1952இல் அரிசியிலிருந்து அரசை விலக்கிய தலைவரின் துணையோடு, அரசே மலிவு விலையில் அரிசி தரும் வாக்குறுதி ஆட்சியைப் பிடித்தது. வாக்காளர்களைப் பொறுத்தவரை இதில் முரண்பாடு இல்லை. அரசு தம் அரிசியைப் பறிப்பதை அவர்கள் விரும்பவில்லை, அரசு தமக்கு அரிசி தருவதை விரும்பினர்.

1971இல் மு. கருணாநிதியின் அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தபோது, தொண்ணூற்று இரண்டு வயதான இராஜாஜி கொட்டும் மழையில் முதல்வரின் வீட்டுக்கே சென்று அம்முடிவைக் கைவிடுமாறு வேண்டினார். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. அவ்வாண்டுத் தொடக்கத்தில் நடந்த தேர்தலில் காமராசரின் நிறுவன காங்கிரசுடன் அமைத்த கூட்டணி தோல்வியடைந்திருந்தது. மக்களவையில் சுதந்திராக் கட்சி 8 இடங்களாகச் சுருங்கியது.

அணு ஆயுத எதிர்ப்பு

அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தக் கோரி இராஜாஜி பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்தார். 1962இல் காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமையேற்று அமெரிக்கா சென்று குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்தார். இந்தியாவுக்கு வெளியே இவர் மேற்கொண்ட முதல் பெரும் பயணம் இது.

மறைவும் அதன் பின்னும்

1972 திசம்பர் 25 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இராஜாஜி காலமானார். 1974இல் சுதந்திராக் கட்சி சரண்சிங்கின் தலைமையிலான பாரதீய லோக்தளத்தில் இணைந்து மறைந்தது. 1991இல் நரசிம்மராவ் அரசு பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் தேவையில்லை என அறிவித்தபோது, இராஜாஜி மூன்று பத்தாண்டுகளுக்கு முன்பே கூறியது நிறைவேறியதாகப் பலர் எழுதினர். அதைச் செய்தது காங்கிரசு கட்சி.

அரசுக் கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி இராஜாஜியின் காலத்தில் பெரும்பாலும் நெல், தொழிற்சாலை ஆகியவற்றைச் சுற்றியே எழுந்தது. மலைகளையும் காடுகளையும் பொறுத்தவரை அதே கேள்வி வேறு வடிவம் கொள்கிறது. இவர் பதவி விலகிய மறு ஆண்டில், 1955இல், மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்கும் சட்டம் நிறைவேறியது. அச்சட்டப்படி கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் தம் சொந்தப் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். பழனி மலையில் வில்பட்டி போன்ற ஊர்களில் சிறு துண்டு நிலம் வைத்திருக்கும் உழவருக்கு இதுவும் ஒரு பெர்மிட்டுதான். அலுவலகத்தில் காத்திருக்கும் அலுப்பும் அதேதான். ஆனால் சரிவின் மேல் உள்ளவர் மரத்தை வெட்டினால் மண் அரிப்பும் வறண்ட ஓடையும் கீழே உள்ளவருக்குப் போய்ச் சேர்கின்றன. அவ்விழப்புக்குச் சந்தையில் விலை இல்லை. அடிவாரத்து ஊரார் ஒவ்வொருவரும் மேலே உள்ள ஒவ்வொருவரோடும் ஒப்பந்தம் செய்துகொள்வதும் நடவாது. சுதந்திராக் கட்சியின் 21 கொள்கைகளில் இதற்கு நேரடியான விடை கிடையாது.

அதேவேளை, உரிமம் இருந்தாலே பாதுகாப்பு உண்டு என்பதும் மெய்யன்று. கொடைக்கானலில் 1980களில் தொடங்கி 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை உரிம முறை முழு வலிமையோடு இருந்த காலத்தில் அமைக்கப்பட்டதே. அதிலிருந்து பாதரசம் சுற்றுச்சூழலில் கலந்ததை அம்முறை தடுக்கவில்லை. யார், எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதைக் கணக்கிட்ட அரசு, மண்ணிலும் நீரிலும் எது கலக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. அரசு கை வைக்கக்கூடாத இடத்தில் கை வைத்துக் காக்க வேண்டிய இடத்தில் தவறியது என்ற இராஜாஜியின் குற்றச்சாட்டுக்கு இது வலுச் சேர்ப்பதாகக் கொள்ளலாம். அரசு காக்க வேண்டிய இடங்களின் பட்டியல் இவர் எண்ணியதைவிட நீளமானது என்பதற்கும் இதுவே சான்றாகிறது.

மதுவைப் பொறுத்தவரை, 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் தனியுரிமை ஆயிற்று. அரசு வணிகம் செய்வதையும் மக்கள் மது அருந்துவதையும் ஒருங்கே எதிர்த்தவர் இராஜாஜி.

நினைவகங்கள்

தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்த வீடு நினைவு இல்லமாகப் பேணப்படுகிறது. சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் நினைவாலயம் உள்ளது. சென்னை அரசினர் தோட்டத்தில் உள்ள பழைய விருந்து மண்டபத்துக்கு இராஜாஜி மண்டபம் எனப் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1954இல் இவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. அவ்விருதை முதன்முதலில் பெற்ற மூவருள் இவரும் ஒருவர். சர்வபள்ளி இராதாகிருட்டிணனும் ச. வெ. இராமனும் மற்ற இருவர்.